இலக்கு விலை எழுதுபவருக்குக் கூலி தருவது யார்?

நமது உறுப்பினர்களில் பலர் கடையில் சுழலும் பணத்தில் ஒரு பகுதியைப் பங்குகளில் போட்டு வைக்கின்றனர். தீபாவளிக் கொள்முதலுக்குத் திரும்ப எடுக்க வேண்டிய பணம் அது. "வாங்கலாம், ஓராண்டு இலக்கு 690 ரூபாய்" என்று தரகு நிறுவன ஆய்வாளர் எழுதியதை மட்டுமே நம்பிப் போடுகிறவர்களும் உண்டு. இந்த 690 எப்படி வருகிறது?

கம்பெனி அடுத்த ஆண்டு பங்கு ஒன்றுக்கு 20 ரூபாய் லாபம் ஈட்டும் என்றும், லாபத்தைப் போல் 25 மடங்கு விலை தகும் என்றும் ஆய்வாளர் மதிப்பிட்டால் இலக்கு 500 ரூபாய். அவரே லாபத்தை 23 என்றும் மடங்கை 30 என்றும் மாற்றினால் 690! இரண்டும் ஊகங்களே. சந்தை ஏறினால் மடங்கும் ஏறும். ஆகவே இலக்கு விலை பெரும்பாலும் சந்தைக்குப் பின்னாலேயே நடக்கிறது.

ஊகம் தவறுவது குற்றமல்ல. மிளகாய் விலையில் நாமும் தவறுகிறோம். ஆனால் நஷ்டம் நம்முடையது. ஆய்வாளரின் நிலை வேறு. அவர் எழுதும் கம்பெனியே புதிய பங்கு வெளியிடும்போது, அவரது நிறுவனத்துக்குப் பெருந்தொகை கட்டணமாகத் தரக்கூடும். "விற்றுவிடுங்கள்" என்று எழுதினால் அந்த வியாபாரம் போய்விடும்.

அமெரிக்காவில் இது அம்பலமானது. மெரில் லிஞ்ச் நிறுவனத்தின் இணையத்துறை ஆய்வாளர் ஹென்றி பிளாட்ஜெட், 1998 டிசம்பரில் அமேசான் பங்குக்கு 400 டாலர் இலக்கு சொல்லிப் புகழ் பெற்றவர். சில வாரங்களிலேயே விலை அதைத் தாண்டியது. ஆனால் 2002-ல் நியூயார்க் அரசு வழக்கறிஞர் எலியட் ஸ்பிட்சர் வெளியிட்ட கடிதங்கள் வேறு கதை சொல்லின. வெளியே பரிந்துரைத்த இன்ஃபோஸ்பேஸ் பங்கை, உள்ளுக்குள் குப்பை என்று எழுதியிருந்தனர். மெரில் லிஞ்ச் 10 கோடி டாலர் செலுத்தச் சம்மதித்தது. 2003-ல் பத்து பெரிய நிறுவனங்கள் சுமார் 140 கோடி டாலருக்கு உடன்பாடு செய்துகொண்டன. பிளாட்ஜெட் 40 லட்சம் டாலர் கட்டி, பங்குத் தொழிலிலிருந்தே வெளியேறினார். என்ரான் கதையும் அதே காலத்தது. 2001 அக்டோபரில் அதன் கணக்கு ஓட்டைகள் தெரியத் தொடங்கிய பிறகும் "வாங்கலாம்" என்றவர்கள் பலர். டிசம்பரில் அது திவாலாயிற்று.

"வைத்திருக்கலாம்" என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். மண்டியில் தரகர் "சரக்கு சுமார்தான்" என்று இழுத்தால் நாம் அடுத்த மண்டிக்குப் போய்விடுகிறோம் அல்லவா? அதே பொருள்தான்.

இந்தியாவில் செபி 2014-ல் ஆய்வாளர்களுக்கென்று விதிகள் கொண்டுவந்தது. ஆய்வாளர் பதிவு பெற்றிருக்க வேண்டும். அந்தக் கம்பெனியின் பங்கு தம்மிடம் உள்ளதா, முந்தைய 12 மாதங்களில் அதனிடமிருந்து பணம் பெற்றாரா என்பதை அறிக்கையிலேயே சொல்ல வேண்டும். செல்போனில் வரும் 'டிப்ஸ்'களில் இதெல்லாம் இராது. அறிக்கை கையில் கிடைத்தால், பொடி எழுத்தில் கடைசியில் இருக்கும் அந்தப் பகுதியை முதலில் படியுங்கள். அதே கம்பெனிக்கு அதே ஆய்வாளர் இரண்டு ஆண்டுகளுக்கு முன் சொன்ன இலக்கையும் தரகரிடம் கேட்டு வாங்கி, இன்றைய விலையுடன் ஒப்பிட்டுப் பாருங்கள்.