நீல டைரியும் கைக்குள் நோட்டுப்புத்தகமும்

விவேக் நகர்வாசிகளுக்கு வியாழக்கிழமை என்றால் சொல்ல வேண்டியதில்லை. குழந்தை இயேசு ஆலயத்துக்கு வரும் கூட்டத்தில் ஆட்டோ நகராது. அப்படிப்பட்ட ஒரு வியாழன் மாலையில்தான் என் மனைவிக்குத் திடீரென்று தலை சுற்றி, மூச்சு வாங்கியது. எப்படியோ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்த்துவிட்டேன்.

"இவங்களுக்கு எந்த மருந்தாவது ஒத்துக்காதா?" என்று கேட்டார் இளம் டாக்டர்.

உண்டு. பல வருடங்களுக்கு முன்பு ஒரு மாத்திரை சாப்பிட்டு உடம்பெல்லாம் தடித்துப் போயிற்று. அதன் பெயரை என் நீல டைரியில் எழுதி வைத்திருக்கிறேன். டைரியோ வீட்டு பீரோவில்! பெயர் நாக்கு நுனிவரை வந்து நின்றுவிட்டது.

மகனும் மருமகளும் வேலையிலிருந்து திரும்பவில்லை. பன்னிரண்டு வயதுப் பேத்திக்குப் போன் செய்தேன். டைரியை உடனே எடுத்துவிட்டாள். அடுத்து அவள் சொன்னதுதான் இன்றும் என் காதில் ஒலிக்கிறது.

"தாத்தா, எல்லாம் தமிழ்ல எழுதியிருக்கீங்களே. எனக்குப் படிக்கத் தெரியாதே!"

வீட்டில் தமிழ் பேசுகிறாள். பள்ளியில் படிப்பது ஆங்கிலமும் கன்னடமும். படம் பிடித்து அனுப்பச் சொல்லலாம் என்றால் அன்று என்னிடம் இருந்தது பட்டன் போன். கடைசியில் பக்கத்து வீட்டு அம்மாவை அழைத்து வந்து படிக்கச் சொன்னாள். "சல்பா மருந்து" என்று அவர் சொன்னபோதுதான் எனக்கு உயிர் வந்தது. என் மனைவி இரண்டு நாளில் நலமாக வீடு திரும்பினாள்.

அந்த வாரமே மகன் எனக்குப் புதிய செல்போன் வாங்கித் தந்தான். "அப்பா, இனிமே டைரி இதுக்குள்ளதான்" என்றான். மஞ்சள் நிறத்தில் பல்பு படம் போட்ட 'கூகுள் கீப்' என்ற செயலியைக் காட்டினான். 2013-ல் வெளிவந்ததாம். இலவசம்தான்.

நம் பெங்களூருக்கு இது புதிதல்ல என்பதையும் சொல்ல வேண்டும். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் இங்குள்ள பொறியாளர்களும் சேர்ந்து உள்ளங்கையில் அடங்கும் 'சிம்ப்யூட்டர்' என்ற கணிப்பொறியை உருவாக்கினார்கள். 2004-ல் அது விற்பனைக்கும் வந்தது. குச்சி போன்ற பேனாவால் அதன் திரையில் எழுதலாம். அதிகம் விற்கவில்லை, ஆனால் எண்ணம் இங்கே முளைத்த எண்ணம்தான்.

புதிதாக ஆரம்பிக்கும் அன்பர்களுக்கு என் அனுபவத்தைச் சொல்கிறேன்.

முதலில், ஒரே ஒரு குறிப்போடு தொடங்குங்கள். டைரி முழுவதையும் ஏற்ற முயன்றால் மூன்றாம் நாள் அலுத்துவிடும். நான் எழுதிய முதல் குறிப்பு 'மருந்து'. கீழே உள்ள கூட்டல் குறியைத் தொட்டால் வெள்ளைத் தாள் போல விரிகிறது. மேலே தலைப்பு, கீழே விவரம். சாப்பிடும் மாத்திரைகள், ஒத்துக்கொள்ளாத மருந்து, டாக்டர் போன் நம்பர். வீட்டாருக்காகத் தமிழிலும், டாக்டருக்காக ஆங்கிலத்திலும் எழுதினேன். மேலே குண்டூசிப் படம் இருக்கிறது. அதைத் தொட்டால் அந்தக் குறிப்பு எப்போதும் முதலில் நிற்கும்.

இரண்டாவது, தமிழில் எழுதுவது. இதற்குப் பலர் பாடுபட்டிருக்கிறார்கள். 1999-ல் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டிலிருந்து 'தமிழ் 99' விசைப்பலகை வந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன் உருவாக்கிய 'செல்லினம்' 2005-ல் செல்போனுக்குத் தமிழைக் கொண்டு வந்தது. இன்று போனின் விசைப்பலகை அமைப்பில் தமிழைச் சேர்த்துக்கொண்டால் போதும். 'அம்மா' என்பதை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் தமிழில் விழும்படி வைத்துக்கொள்ளலாம். விரல் நடுங்குபவர்கள் மைக் படத்தைத் தொட்டுப் பேசலாம். 2017 முதல் கூகுளின் குரல் தட்டச்சு தமிழையும் கேட்டு எழுதுகிறது. சில சமயம் ஒன்று சொன்னால் வேறொன்று எழுதும். ஒருமுறை படித்துத் திருத்திவிடுங்கள்.

மூன்றாவது, பகிர்வது. குடும்பத்தாரின் மின்னஞ்சல் முகவரியைச் சேர்த்தால் அதே குறிப்பு அவர்கள் போனிலும் தெரியும். ஒருவர் திருத்தினால் எல்லோருக்கும் திருந்தும். இனி பீரோவைத் திறக்க ஆள் தேட வேண்டாம்.

எச்சரிக்கையும் உண்டு. ஏ.டி.எம். ரகசிய எண்ணை இதில் எழுதாதீர்கள். நீக்கிய குறிப்பு குப்பைத்தொட்டியில் ஏழு நாள்தான் இருக்கும். பிறகு போனது போனதுதான். 'எவர்நோட்' என்ற பெயர்பெற்ற செயலி 2023 இறுதியில் இலவசக் கணக்குக்கு ஐம்பது குறிப்புதான் என்று வரம்பு வைத்தது. கடைக்காரர் விதியை மாற்றினால் நாம் என்ன செய்ய முடியும்? ஆகவே முக்கியமானதைக் காகிதத்திலும் எழுதி மணிபர்ஸில் வையுங்கள். சார்ஜ் தீர்ந்த போன் டாக்டருக்குப் பதில் சொல்லாது. என் நீல டைரியையும் நான் தூக்கிப் போடவில்லை.

நிற்க. மளிகைப் பட்டியலையும் தமிழிலேயே எழுதிப் பேத்தியோடு பகிர்ந்தேன். வாங்கியதற்கு எதிரே ஒரு டிக் அடிக்க வேண்டியது அவள் வேலை. முதல் வாரம் ஒவ்வொரு சொல்லுக்கும் ஓடி வந்தாள். "தாத்தா, இது என்ன எழுத்து?" அடுத்த மாதம் 'பருப்பு', 'புளி', 'வெல்லம்' எல்லாம் தானே படித்தாள். 'முருங்கைக்காய்'தான் கொஞ்சம் தகராறு செய்தது.

சென்ற வாரம் மருந்துக் குறிப்பைத் திறந்தேன். அடியில் நான் எழுதாத ஒரு வரி இருந்தது.

"பாட்டி மாத்திரை சாபிட்டாச்சு."

ஒரு 'ப்' குறைகிறது. நான் திருத்தவில்லை.