ஓய்வுக்கும் குறிக்கப்பட்ட வேளை

அப்புத்தளை நகரிலிருந்து மேற்கே ஏறத்தாழ மூன்று கிலோமீற்றர் தொலைவில், தங்கமலைக் காட்டின் ஓரமாக நிற்கும் கருங்கல் மாளிகையை உங்களுட் பலர் பார்த்திருப்பீர்கள். சேர் தோமஸ் லெஸ்டர் வில்லியர்ஸ் என்னும் ஆங்கிலேயர், இங்கிலாந்தில் தாம் பிறந்த சிற்றூரின் பெயரையே சூட்டி 1931ஆம் ஆண்டு கட்டி முடித்த அடிஷம் மாளிகை அது. 1960களின் தொடக்கத்தில் புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளின் கைக்கு வந்து, இன்று அவர்களது மடமாக விளங்குகின்றது. அங்கு செல்வோர் பூந்தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, துறவிகள் தயாரிக்கும் பழ ஜாம் போத்தல் ஒன்றையும் வாங்கிக்கொண்டு திரும்புவது வழக்கம். நாம் இன்று சிந்திக்கப்போவது அத்துறவிகள் கைக்கொள்ளும் ஒழுங்குநூலைப் பற்றியாகும்.

ஆறாம் நூற்றாண்டில் புனித ஆசீர்வாதப்பர் எழுதிய அந்நூலில் 73 அதிகாரங்கள் உள்ளன. 48ஆம் அதிகாரம் உழைப்பைப் பற்றியது. சோம்பல் ஆன்மாவுக்குக் கேடு என எச்சரித்தே அவ்வதிகாரம் தொடங்குகின்றது. ஆயினும் சில வரிகள் தாண்டியதும், கோடைகாலத்தில் நண்பகல் உணவுக்குப் பின்னர் துறவிகள் தத்தம் படுக்கையில் மௌனமாக இளைப்பாற வேண்டும் என்று அதே கை எழுதுகின்றது. வாசிக்க விரும்புவோர் பிறருக்குத் தொல்லையின்றி வாசிக்கலாம். சோம்பலைக் கடிந்த அதே அதிகாரத்திலேயே ஓய்வுக்கும் இடம் வைத்தாரே, அதைக் கவனித்தீர்களா? அங்கே ஓய்வு, வேலையை முடித்தவனுக்குக் கிடைக்கும் பரிசாக வரவில்லை. செபத்துக்கு ஒரு வேளை, வேலைக்கு ஒரு வேளை என்பதுபோல அதற்கும் ஒரு வேளை உண்டு. ஆகவே எவரும் எவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு படுக்கைக்குச் செல்வதில்லை.

நம் நிலை என்ன? நீங்கள் பாடகர் குழுவுக்கு மெட்டமைப்பவராக இருக்கலாம். தவக்காலத்துக்குப் பாஸ்கு நாடகம் எழுதுபவராக, பகலில் பாடசாலையில் கற்பித்து இரவில் கதை எழுதும் ஆசிரியையாக, கணினியின் முன்னமர்ந்து திருமண அழைப்பிதழ் வடிவமைக்கும் இளைஞராக இருக்கலாம். கொழுந்து நிறுப்பவருக்கு நாளின் வேலை எங்கே முடிகிறது என்பதைத் தராசு சொல்லிவிடும். படைப்பவருக்கு அப்படி எதுவுமில்லை. திருத்த இன்னொரு வரி எப்போதும் உண்டு. எனவே கண்ணயரும்போதும் மனம், ‘நேரத்தை வீணாக்குகிறாய்’ என்று குத்துகின்றது.

இந்தக் குற்றவுணர்வுக்கு நம் மலையகத்தில் ஒரு வரலாறும் உண்டு. விடியுமுன் தப்பொலி கேட்டு எழுந்து பெரட்டுக்களத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். குறித்த அளவு கொழுந்து இல்லாவிடில் அன்றைக்கு ‘அரைப் பேர்’தான் விழும். பாட்டியின் முதுகிலிருந்த கூடை நம் முதுகில் இல்லை. ஆனால் அந்தக் கணக்கு மட்டும் மனத்திற் பதிந்திருக்கின்றது. எழுதாத நாளெல்லாம் நமக்கு அரைப் பேராகவே தோன்றுகின்றது.

ஓய்வுநாட் கட்டளை திருவிவிலியத்தில் இருமுறை வருகின்றது. விடுதலைப் பயண நூல் அதற்குக் காரணமாக, ஆறு நாட்களில் உலகைப் படைத்த இறைவன் ஏழாம் நாளில் ஓய்ந்ததைச் சொல்கின்றது. இணைச்சட்ட நூலின் ஐந்தாம் அதிகாரமோ, எகிப்தில் அடிமையாக இருந்ததை நினைத்துக்கொள் என்கின்றது. செங்கற் கணக்குக் கேட்ட பார்வோனிடமிருந்து மீண்டவர்களுக்கு, கணக்கே கேட்கப்படாத ஒரு நாளைக் கடவுள் கொடுத்தார். நம் தோட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு இந்த இரண்டாவது காரணத்தை விளக்க விரிவுரை தேவையில்லை என்றே எண்ணுகின்றேன்.

மாற்கு நற்செய்தியின் ஆறாம் அதிகாரத்தையும் எடுத்து வாசியுங்கள். பணி முடித்துத் திரும்பிய சீடருக்கு உண்ணவும் நேரமில்லை. தனிமையான இடத்துக்குச் சென்று சற்று இளைப்பாறும்படி இயேசு அவர்களை அழைக்கிறார். மீதி வேலை எவ்வளவு என்று அவர் கேட்கவில்லை. அவர்கள் கரைசேருமுன் மக்கள் கூட்டம் கால்நடையாக அங்கு போய்ச் சேர்ந்துவிட்டது! சீடருக்குக் கிடைத்த ஓய்வு அந்தப் படகுப் பயணம் மட்டுமே. வாரம் முழுவதும் ஓடுகின்ற உங்களுக்கும் சில நாட்களில் அவ்வளவுதான் கிடைக்கும். கிடைத்த படகில் கொப்பியை விரிக்காதீர்கள்.

தேயிலையைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. கவ்வாத்து வெட்டுவதற்கு முன்னர் சில வாரங்கள் கொழுந்து பறிக்காமல் செடியை விட்டுவைப்பதுண்டு. இலைகள் செய்யும் உணவு வேரில் மாப்பொருளாகச் சேர வேண்டும் என்பதற்காகவே அவ்வாறு செய்கின்றனர். வேரை வெட்டி அயடீன் தடவி, மாப்பொருள் இருக்கின்றதா என்று சோதிப்பதும் உண்டு. சேமிப்பில்லாத செடியை வெட்டினால் அது துளிர்க்காமல் பட்டுப்போகக்கூடும். பறிக்காமல் விட்ட அந்த வாரங்களை நட்டமென்று எந்தத் தோட்டத்துரையும் எழுதிவைப்பதில்லை.

உடல் களைப்பதுபோல உள்ளமும் களைக்கும் என்று புனித தோமஸ் அக்குவினாஸ் எழுதியுள்ளார். விளையாட்டையும் வேடிக்கைப் பேச்சையும் அதற்கு மருந்தாக அவர் ஏற்கிறார். துயருற்றவருக்கு உறக்கமும் குளியலும் நல்லவை என்று சொன்னவரும் அவரே. 1983ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத்தொகுப்பின் 1247ஆம் இலக்கச் சட்டமும், உள்ளமும் உடலும் தக்கவாறு இளைப்பாறுவதைத் தடுக்கும் அலுவல்களை ஞாயிறன்று தவிர்க்கச் சொல்கின்றது. திருப்பலிக்குச் சென்றால் கடமை முடிந்தது என்று நினைப்போர் இதனைப் பொதுவாக வாசிப்பதில்லை.

ஞாயிறன்று ஆலயத்தில் பாடலை வழிநடத்துபவருக்கு அந்நாளே வேலைநாளாகிவிடும். அவர் வேறொரு மாலையைக் குறித்து வைக்கட்டும். நாட்காட்டியில் எழுதி, வீட்டாருக்கும் அறிவித்து, கைத்தொலைபேசியை அலுமாரியில் வைத்துவிடலாம். அந்நேரத்தில் ஒரு நல்ல வரி உதித்தால்? துண்டுக் காகிதத்தில் குறித்துவிட்டுத் திரும்பவும் படுத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பாவசங்கீர்த்தனம் தேவையில்லை.

இன்னுமொன்று. ஓய்வுநாட் கட்டளையில் மகன், மகள், பணியாளர், பணிப்பெண், கால்நடை, அந்நியர் என எல்லோரும் குறிப்பிடப்படுகின்றனர். மனைவி என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. அதையே சாட்டாக வைத்தாற்போல், கணவர் கவிதைக்கு இடைவேளை எடுத்துக் கதிரையிற் சாய்ந்திருக்க, அடுப்படியில் மனைவி வியர்த்து நிற்கும் வீடுகள் நம்மிடையே குறைவல்ல. அவரும் ஒருவேளை தைப்பவராக, பாடுபவராக, எழுத நினைத்தும் நேரம் வாய்க்காதவராக இருக்கக்கூடும். வரும் ஞாயிறு பகலுணவை யார் சமைப்பது என்பதைச் சனிக்கிழமை இரவே இருவருமாகப் பேசித் தீர்மானித்துவிடுங்கள்.