மறிச்சுக்கட்டியில் வந்திறங்கியவர்கள்

மன்னார்க் கரையிலே, சிலாவத்துறைக்குத் தெற்கே, வில்பத்துக் காட்டின் ஓரமாக மறிச்சுக்கட்டி என்னும் சிற்றூர் அமைந்திருக்கின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், முத்துச் சலாபம் நடைபெற்ற ஆண்டுகளிலே, பிறநாட்டார் பலர் இலங்கை மண்ணில் முதன்முதலாகக் கால் வைத்த இடம் இதுவே. கொழும்பில் இறங்கிய பிரயாணி தென்னஞ்சோலைகளையும் உயர்ந்த கட்டடங்களையும் கண்டு வியந்தான். இங்கு இறங்கியவனுக்கு மணலும் முட்காடும் ஓலைக் கொட்டில்களுமே தென்பட்டன. அவற்றுக்கும் முன்னரே, காற்று வாக்கில் இருந்தால், நாற்றம் கடலுக்குள் வந்து அவனை எதிர்கொண்டது.

இந்த நாற்றத்தின் காரணத்தை நேயர்கள் அறிந்துகொள்ளல் வேண்டும். பெரும்பாலான சிப்பிகளைக் குவித்துப் பல நாள் அழுகவிடுவார்கள். ஈக்களும் புழுக்களும் தசையை அரித்துத் தீர்த்த பின்னர், எஞ்சியதைக் கழுவி அரித்தால் முத்து அடியிலே தங்கும். அரசிகளின் கழுத்தை அலங்கரித்த முத்து இவ்வாறுதான் வெளிவந்தது.

வாடைக்காற்றுத் தணிந்து, தென்மேல் பருவக்காற்று எழுவதற்கு முன் கடல் அமைதியுறும் மாசி, பங்குனி, சித்திரையே சலாபக் காலம். அக்காலத்தில் பாரசீக வளைகுடாவிலிருந்து அரபியர் வந்தனர். கீழக்கரையிலிருந்தும் தூத்துக்குடியிலிருந்தும் தமிழ் பேசும் குளிகாரர் வந்தனர். முத்து வாங்கச் செட்டிமாரும் பம்பாய் வியாபாரிகளும் வந்தனர். 1905ஆம் ஆண்டுச் சலாபம் அரசாங்கத்துக்கு 25 இலட்சம் ரூபாய்க்கு மேல் வருமானம் ஈட்டியதென்றால், இத்தனை பேர் ஏன் கூடினார்கள் என்பது விளங்கும். ஆயிரக்கணக்கானோர் வாழ்ந்த அந்நகரில் நீதிமன்றமும் தபாற்கந்தோரும் ஆஸ்பத்திரியும் சிறைச்சாலையும் கடைத்தெருவும் இருந்தன. சலாபம் முடிந்ததும் எல்லாம் கலைந்து போயின. சொந்தக் குடிகளே இல்லாத அந்நகரில் எல்லாரும் விருந்தினரே. அரசாங்க உத்தியோகத்தரும் அதற்கு விலக்கல்லர்.

அவ்வாறு வந்த உத்தியோகத்தருள் ஒருவர் லியோனார்ட் வுல்ஃப். கேம்பிரிட்ஜில் கற்று 1904 டிசம்பரில் இலங்கைக்கு வந்த அவர், யாழ்ப்பாணத்திற் கடமையாற்றிய காலத்தில், 1906இல் இச்சலாபத்துக்கு அனுப்பப்பட்டார். கரை சேரும் சிப்பிகளை ஒவ்வொரு குழுவினரும் மூன்று குவியலாக்குவர். எவை இரண்டு அரசுக்கு என்பதை உத்தியோகத்தரே சுட்டிக்காட்டுவார். எஞ்சிய ஒன்று குளித்தவர்களுக்கு. எந்தக் குவியல் அரசுக்குப் போகுமென்று முன்கூட்டித் தெரியாமையால், ஒன்றைப் பெரிதாக்கி ஒன்றைச் சிறிதாக்குவதிற் பயனில்லை. எளிமையான ஏற்பாடுதான், நல்ல மூளை ஒன்று வகுத்த ஏற்பாடு என்றும் சொல்லலாம். அரசின் பங்கு இரவிலே ஆயிரம் ஆயிரமாக ஏலம் போயிற்று.

1961இல் வெளிவந்த தம் சுயசரிதைப் பகுதியில் வுல்ஃப் அந்நாட்களை நினைவுகூர்ந்துள்ளார். அரபியரின் ஒளிவுமறைவற்ற நடத்தை அவர் மனத்தைக் கவர்ந்தது. தோழனொருவன் இறந்தபோது அவர்கள் துக்கம் காத்த விதமும் அவர் நெஞ்சில் நின்றது. அயலவரை மதிக்கத் தெரிந்த அக்கண்களுக்கு, அருகிலேயே மூழ்கி எழுந்த தமிழ்க் குளிகாரரின் வாழ்வு அத்துணை விரிவாகப் புலப்படவில்லை. புதியவன் கண் புதுமையைத்தானே முதலில் நாடும்!

1906இல் முத்துப் பார்களைக் குத்தகைக்குப் பெற்ற கம்பெனி, அடுத்த ஆண்டுச் சலாபத்தின் பின் சிப்பி அருகி நட்டமடைந்து கலைந்தது. மறிச்சுக்கட்டி மீண்டும் சிற்றூராயிற்று.

1990 அக்டோபரில் தமிழீழ விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது, இவ்வூர் மக்களும் ஊரை இழந்து புத்தளப் பகுதியிலே தஞ்சமடைந்தனர். 2009இல் போர் முடிந்த பின்னரே மீளும் வழி பிறந்தது. இருபது ஆண்டுகளில் வளவுகளைக் காடு மூடியிருந்தது. 2012இல் மறிச்சுக்கட்டி, கரடிக்குளி சார்ந்த நிலப்பரப்பு ஒதுக்குக்காடாக அறிவிக்கப்பட்டது. காட்டைக் காக்க விழைந்தோர் அங்கு அழிக்கப்படும் மரங்களைக் கண்டனர். திரும்பி வந்தவர்கள் மரங்களுக்கிடையே தம் பழைய கிணற்றைத் தேடினர். வழக்கு நீதிமன்றம் வரை சென்றது. புத்தளத்திலே பிறந்து வளர்ந்த பிள்ளைகளோ, தம் ஊரென்று பெற்றோர் சொல்லக் கேட்டிருந்த அவ்விடத்தை அப்போதுதான் முதன்முதலாகப் பார்த்தார்கள்.