முதுமையுற்ற டர்போ வண்டியும் மரக்காணத்து உப்புக் காற்றும்

கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே மரக்காணத்தைக் கடந்திருப்பீர்களாயின், உப்பளங்களில் வெண்குவியல்கள் நிற்பதைக் கண்டிருப்பீர்கள். அவற்றின் அருகில்தான் என் இல்லம். ஓய்வுபெற்ற ஆண்டில் பழைய டீசல் கார் ஒன்றை வாங்கினேன். அதற்கு இப்போது பதினான்கு வயது. அதன் பெயரைக் கூறப்போவதில்லை. குற்றம் பெரும்பாலும் என்னுடையதே.

அது டர்போசார்ஜர் பூட்டிய வண்டி. எந்திரம் மிகுந்த ஆற்றல் தர எரிபொருள் மட்டும் போதாது. அதனை எரிக்கக் காற்றும் மிகுதியாக வேண்டும். கொல்லன் உலைக்குத் துருத்தி போடுவதை நினைத்துக்கொள்ளுங்கள். இங்கே துருத்தியை இயக்குவது எந்திரத்தின் கழிவுப் புகையே. வெளியேறும் புகை ஒரு சிறு சக்கரத்தைச் சுழற்றும். அதே அச்சின் மறுமுனையிலுள்ள சக்கரம் புதுக்காற்றை அழுத்தி உள்ளே தள்ளும். சுவிட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி இம்முறைக்கு 1905-இல் காப்புரிமை பெற்றார். கார்களில் இவ்வச்சு நிமிடத்திற்கு ஓர் இலட்சம் சுற்றுக்கு மேலும் சுழல்வதுண்டு. அதனைத் தாங்கி நிற்பது மெல்லிய எண்ணெய்ப் படலமே.

முதலில் வந்த கோளாறு, ஏற்றத்தில் வண்டி திணறியதும் கரும்புகை கக்கியதும். அழுத்திய காற்றைக் குளிர்விக்கும் அலுமினியப் பெட்டி வண்டியின் முகப்பில் இருக்கிறது. அலுமினியத்தைக் காப்பது அதன் மேலுள்ள ஆக்சைடு தோல். ஈரக் காற்றோடு வரும் உப்பின் குளோரைடு அத்தோலை ஊடுருவி ஊசித்துளைகளைத் தோற்றுவிக்கும். அவ்வழியே காற்றுக் கசிந்தது. டீசல் முழுமையாக எரியவில்லை. ஆகவே கரும்புகை. பெட்டியை மாற்றியதும் அது நின்றது.

அடுத்த ஆண்டு நீலப்புகை வந்தது. நீலமென்றால் எண்ணெய் எரிகிறது என்று பொருள். நகரத்துப் பட்டறை ஒன்றில், டர்போவையே மாற்றவேண்டும் என்றார்கள். என் ஒரு மாத ஓய்வூதியம் முழுவதும் அதற்கே போயிருக்கும். மேலும், பதினைந்து ஆண்டு நிறைந்ததும் பதிவைப் புதுப்பிக்கவேண்டும். 2022 ஏப்ரலில் காருக்கு அக்கட்டணம் 5,000 ரூபாய் ஆயிற்று. விற்றுவிடலாமா என்று பல இரவு எண்ணினேன்.

என்னிடம் படித்த மெக்கானிக் ஒருவர் வந்து பார்த்தார். "ஐயா, புதுச்சேரியிலிருந்து வேகமாக வந்தவுடனே எஞ்சினை நிறுத்திவிடுவீர்களா?" என்று கேட்டார். ஆம் என்றேன். எஞ்சின் நின்றால் எண்ணெய் ஓட்டமும் நிற்கும். கொதிக்கும் டர்போவில் தேங்கிய எண்ணெய் கருகிக் கரியாகும். அக்கரி எண்ணெய் திரும்பிச் செல்லும் குழாயைச் சிறுகச் சிறுக அடைத்துவிட்டது. வடிய வழியற்ற எண்ணெய் அச்சின் ஓரமாகக் கசிந்து காற்றோடு கலந்து எரிந்தது. குழாயை அப்படியே விட்டுப் புது டர்போ பூட்டியிருந்தால், அதுவும் கசிந்திருக்கும்! எனக்குப் பாடம் நடத்தியவர், ஒரு காலத்தில் என் வகுப்பில் கடைசி வரிசையில் இருந்தவர் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

குழாயைத் துப்புரவாக்கி, எண்ணெயை மாற்றினோம். புகை பெரிதும் குறைந்தது. குளிர்ந்த காலையில் மட்டும் சற்றுத் தோன்றும். அச்சும் கொஞ்சம் தேய்ந்துதான் இருக்கிறது. வண்டியை விற்கவில்லை. வாரந்தோறும் அதன் அடிப்பாகத்தை நல்ல தண்ணீரால் கழுவுகிறேன். விரைந்து வந்த நாட்களில் வாசலில் ஒரு நிமிடம் எஞ்சினை மெல்ல ஓடவிட்டு அமர்ந்திருக்கிறேன். "வந்து சேர்ந்த பின்னும் உள்ளே என்ன செய்கிறீர்கள்?" என்று என் மனைவி நாள்தோறும் கேட்கிறாள்.