உஷார்! ஹீட்டரில் குளிர்காற்று வந்தால் முதலில் கூலன்ட்டைப் பாருங்கள்

கார் ஹீட்டரை முழுதாகத் திருகி வைத்தும் குளிர்காற்றுதான் வருகிறதா? ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு வேலைக்குக் கிளம்பிவிடாதீர்கள். டொராண்டோவுக்கும் மான்ட்ரியலுக்கும் புதிதாக வந்த நம் பிள்ளைகள் பலர் அதைத்தான் செய்கிறார்கள். சென்னையில் ஓட்டிப் பழகியவர்களுக்கு ஏசி தெரியும். ஹீட்டரைத் தொட வேண்டிய அவசியமே வந்திருக்காது. அது கெட்டால் குளிரும், அவ்வளவுதானே என்று நினைக்கிறார்கள். அவ்வளவு மட்டும் இல்லை. இன்ஜினுக்கு ஆபத்து நெருங்குகிறது என்பதைப் பல நேரங்களில் முதலில் காட்டிக்கொடுப்பது அந்த ஹீட்டர்தான்.

பெட்ரோல் காரில் ஹீட்டருக்கென்று தனி அடுப்பு கிடையாது. இன்ஜின் சூட்டை உறிஞ்சி எடுத்துவரும் கூலன்ட்டின் ஒரு பகுதி, டாஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் சிறிய ரேடியேட்டர் வழியாக ஓடுகிறது. அதைத்தான் மெக்கானிக்குகள் ஹீட்டர் கோர் என்கிறார்கள். ஃபேன் அதன் மேல் காற்றை ஊதி உள்ளே அனுப்புகிறது. ஃபேன் ஓடியும் சூடு வரவில்லை என்றால், பெரும்பாலும் சூடான கூலன்ட் அங்கே போய்ச் சேரவில்லை என்று பொருள். ஏன் சேரவில்லை? கூலன்ட் குறைந்திருக்கலாம். முதலில் சந்தேகப்பட வேண்டியது அதைத்தான்.

‘கூலன்ட் குறைந்தால் டெம்பரேச்சர் முள் ஏறுமே, ஏறவில்லையே’ என்று நம்பி ஓட்டுகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பயமாக இருக்கிறது. சென்சார் திரவத்தில் மூழ்கியிருந்தால்தான் சரியாக அளக்கும். கூலன்ட் மட்டம் அதற்குக் கீழே இறங்கி, சென்சார் வெறும் காற்றில் நின்றால், உள்ளே இன்ஜின் கொதித்துக்கொண்டிருந்தாலும் முள் அசையாமல் இருக்கக்கூடும். அலுமினிய சிலிண்டர் ஹெட் வளைந்துபோக அதிக நேரம் வேண்டாம். ஹெட் கேஸ்கெட் போனால் இன்ஜினையே பிரிக்க வேண்டும். பழைய வண்டியாக இருந்தால் அந்தச் செலவு வண்டியின் விலையையே தாண்டிவிடலாம். ஓடும்போது கொஞ்சம் சூடு வந்து, சிக்னலில் நின்றதும் குளிர்ந்தால் கூலன்ட் குறைவு, குழாயில் காற்று அடைப்பு, வாட்டர் பம்ப் கோளாறு, இந்த மூன்றில் ஒன்று என்று சந்தேகப்படுங்கள். இதுவரை சூடாக வந்த காற்று திடீரென்று குளிர்ந்து, முள்ளும் மேலே ஏறினால் இன்னும் ஒரு கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள். பாதுகாப்பான இடமாக ஒதுங்கி, இன்ஜினை அணைத்துவிட்டு டோ வண்டியைக் கூப்பிடுங்கள்.

கூலன்ட்டைப் பார்க்க நல்ல நேரம் காலையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன்பு. கூலன்ட் டேங்கின் பக்கவாட்டில் இரண்டு கோடுகள் இருக்கும். மட்டம் அவற்றுக்கு நடுவில் நிற்க வேண்டும். இன்ஜின் சூடாக இருக்கும்போது மூடியைத் தொடவே தொடாதீர்கள்! உள்ளே அழுத்தம் இருப்பதால் 100 டிகிரியைத் தாண்டியும் கூலன்ட் கொதிக்காமல் அடங்கியிருக்கும். மூடி திறந்து அழுத்தம் விட்டதும் ஒரே கணத்தில் கொதித்து முகத்தில் பீறிடும். துணியைச் சுற்றிக்கொண்டு திறந்தால் போதும் என்பார்கள். போதாது.

குறைந்திருக்கிறதே என்று வெறும் தண்ணீரை ஊற்றும் பழக்கத்தை ஊரிலேயே விட்டுவிடுங்கள். மதுரை வெயிலில் அதோடு வண்டி ஓடலாம். கனடாவின் ஜனவரியில் அது உறையும். உறையும்போது தண்ணீர் ஏறக்குறைய 9 சதவீதம் விரியும். ரேடியேட்டரும் இன்ஜின் பிளாக்கும் விரிசல் விடும். எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் பாதிக்குப் பாதி கலந்த கூலன்ட் ஏறக்குறைய மைனஸ் 37 டிகிரி வரை தாங்கும். எந்த வகை என்பதைக் கையேட்டைப் பார்த்து வாங்குங்கள். நிறத்தை நம்பாதீர்கள், கம்பெனிக்குக் கம்பெனி நிறம் மாறும். பொருந்தாத வகைகளைக் கலந்தால் உள்ளே கூழாகி ஹீட்டர் கோரையே அடைக்கக்கூடும்.

ஊற்றிவிட்டதோடு வேலை முடியவில்லை. மூடிய அமைப்பில் கூலன்ட் சும்மா குறையாது, எங்கோ ஒழுகுகிறது. பக்கத்து சீட்டின் காலடிக் கம்பளம் ஈரமாக இருந்து, காருக்குள் இனிப்பான வாடை அடித்து, கண்ணாடியில் பிசுக்கும் படிந்தால் ஹீட்டர் கோர் ஒழுகுகிறது. சைலன்சரில் இனிப்பு வாடையோடு வெள்ளைப்புகை நிற்காமல் வந்தால் கூலன்ட் சிலிண்டருக்குள் போகிறது. அந்த வண்டியை ஓட்டவே கூடாது. ஒழுகலை அடைக்கும் மருந்து என்று கடையில் விற்கும் புட்டியை நம்ப வேண்டாம், அது ஹீட்டர் கோரின் நுண்குழாய்களையும் சேர்த்து அடைத்துவிடக்கூடும். தரையில் கூலன்ட் சிந்தியிருந்தால் உடனே துடைத்துவிடுங்கள். இனிப்பாக இருப்பதால் நாய்களும் சின்னப் பிள்ளைகளும் நக்கிவிடும் அபாயம் உண்டு. கொஞ்சம் உள்ளே போனாலும் சிறுநீரகம் கெடலாம், உயிரும் போகலாம்.

கூலன்ட் மட்டம் சரியாக இருந்தால் பயம் பாதி குறையும். எவ்வளவு தூரம் ஓட்டியும் முள் வழக்கமான இடத்துக்கு ஏறவே இல்லையா? தெர்மோஸ்டாட் திறந்தபடி மாட்டியிருக்கும். இன்ஜின் சூடாகியும் காற்று மட்டும் குளிர்ந்து, டாஷ்போர்டுக்குப் பின்னால் டக் டக் என்று சத்தம் கேட்டால், சூட்டையும் குளிரையும் பிரித்துவிடும் சின்னக் கதவின் மோட்டார் பழுது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களில் ஒன்று சுட்டு மற்றது ஆறியிருந்தால் கோர் அடைத்திருக்கலாம். அதை மெக்கானிக்கே பார்க்கட்டும், ஓடும் பெல்ட்டுக்குப் பக்கத்தில் கழுத்தில் சுற்றிய மஃப்ளரோடு குனியாதீர்கள். மின்சாரக் காரில் கதையே வேறு. அங்கே ஹீட்டர் உயர் மின்னழுத்தத்தில் ஓடும், ஆரஞ்சு நிற வயர்களில் கை வைக்காதீர்கள்.

கோடையில் பழைய கார் வாங்கப் போகிறவர்களும் ஹீட்டரைப் போட்டுப் பார்த்துவிட்டே பேரம் பேசுங்கள். ஆகஸ்டில் யாரும் அதைச் சோதிப்பதில்லை.

கோளாறு சின்னதாகவே இருந்தாலும், சூடு வராத காரை 401 நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோகாதீர்கள். மூச்சுக்காற்று கண்ணாடியின் உட்புறத்திலேயே உறைந்துவிடும், எதிரில் எதுவும் தெரியாது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சீக்கிரம் சூடாகட்டும் என்று வீட்டோடு ஒட்டிய கராஜுக்குள் இன்ஜினை ஓடவிடாதீர்கள், கதவு திறந்திருந்தாலும் கூடாது. கரி அடுப்பையோ கேம்பிங் ஸ்டவ்வையோ காருக்குள் ஏற்றிவைக்காதீர்கள். பனியில் மாட்டிக்கொண்டால், இன்ஜினைப் போடுவதற்கு முன்பு சைலன்சர் வாயை மூடியிருக்கும் பனியை அள்ளி அகற்றுங்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமோ வாடையோ கிடையாது. காருக்குள் இருப்பவர்களுக்குத் தலைவலியும் மயக்கமும் குமட்டலும் வந்தால் சளிக்காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். இன்ஜினை அணைத்து, எல்லாரையும் வெளியே இறக்கிவிட்டு 911-ஐ அழையுங்கள்.