பெல்லி நடனம்: புதிதாகக் கற்போர் அறிய வேண்டியவை

பெல்லி நடனத்திற்கு அரபு மொழியில் ‘ரக்ஸ் ஷர்கி’, அதாவது கீழ்த்திசை நடனம், என்று பெயர். இன்று வகுப்புகளில் கற்பிக்கப்படும் இதன் மேடை வடிவம், 1920களில் எகிப்தின் கெய்ரோ நகர அரங்குகளில் உருப்பெற்றது.

இது வயிற்றைக் குலுக்கும் ஆட்டம் மட்டும் எனப் பலர் எண்ணுகின்றனர். உண்மையில், உடலின் ஒரு பகுதியை மட்டும் அசைத்துப் பிற பகுதிகளை நிலையாக வைத்திருப்பதே முதற்பாடம். இடுப்பை ஏற்றி இறக்குதல், வட்டமிடுதல், 8 என்னும் எண் வடிவில் சுழற்றுதல் ஆகியவை மெதுவாகக் கற்பிக்கப்படும்.

முழங்கால்களைச் சற்றே மடக்கி நிற்பது மிக முக்கியம். அவற்றை விறைப்பாக நீட்டியபடி இடுப்பை அசைத்தால், கீழ்முதுகு கூடுதல் சுமையைத் தாங்க நேரிடும். தொடக்கத்தில் பின்னோக்கி வளைவதைத் தவிர்க்க வேண்டும்.

வயிற்றில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டோர், அண்மையில் மகப்பேறு அடைந்தோர், கர்ப்பிணிகள், குடலிறக்கம், முதுகெலும்பு வட்டு விலகல், எலும்பு மெலிவு, இதய நோய் உள்ளோர் ஆகிய அனைவரும் மருத்துவரின் ஒப்புதல் பெற்ற பின்னரே வகுப்பில் சேர வேண்டும். வெளிக்காயம் ஆறிவிட்டதாகத் தோன்றினாலும், உள்ளிருக்கும் தசையடுக்குகள் வலுப்பெற மேலும் காலமாகும்.

உடல்நிலையை ஆசிரியரிடம் முன்னதாகவே தெரிவியுங்கள். ஆடும்போது இயல்பாகப் பேச முடிந்தால் வேகம் அளவானது எனக் கொள்ளலாம். குத்தும் வலி, தலைச்சுற்றல், மூச்சுத்திணறல் தோன்றினால் உடனே நிறுத்துங்கள். நெஞ்சுவலி ஏற்பட்டால் தாமதமின்றி அவசரச் சிகிச்சைக்கு அழைத்துச் செல்வது உடனிருப்போரின் கடமை.

நோயுற்ற உடலை மீண்டும் நம்பப் பழகுவோருக்கு, சிறிய அசைவே போதுமான தொடக்கம்.