ஆள் எடுப்பது மட்டுமா எச்.ஆர். வேலை?

விராலிமலை, மாத்தூர் பக்கம் கம்பெனி வண்டியில் வேலைக்குப் போய் வருபவர்கள் உங்கள் தெருவிலும் இருப்பார்கள். சம்பளத்தில் பிடித்தமா, லீவா, இ.எஸ்.ஐ. கார்டா, எதைக் கேட்டாலும் "எச்.ஆர்.கிட்டதான் கேட்கணும்" என்பார்கள். அந்த நாற்காலியில் நாளை உங்கள் வீட்டுப் பிள்ளையும் உட்காரலாம். ஆனால் பிளஸ் டூ முடிக்கும்போது இப்படி ஒரு படிப்பு இருப்பதே பல வீடுகளில் தெரிவதில்லை.

எச்.ஆர். என்றால் மனிதவள மேலாண்மை. இன்டர்வியூ வைத்து ஆள் எடுப்பது அதில் ஒரு பகுதிதான். தொழிலாளியின் பெயர் ஆதாரில் ஒரு மாதிரி, பி.எஃப். கணக்கில் வேறு மாதிரி இருந்தால், மகள் கல்யாணத்துக்குப் பணம் எடுக்கப் போகும்போதுதான் அது தெரிய வரும். சேரும் நாளிலேயே அதைச் சரிபார்த்து வைப்பவர்தான் நல்ல எச்.ஆர். பேச்சுத் திறமை இருந்தால் போதும் என்று சொல்வார்கள். போதாது, சட்டமும் கணக்கும் தெரிய வேண்டும்.

இதற்குச் சட்டத்திலும் இடமுண்டு. 500 அல்லது அதற்கு மேற்பட்ட தொழிலாளர் உள்ள தொழிற்சாலையில் நல அலுவலர் வேண்டும் என்றது 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம். 2020-இல் இயற்றப்பட்ட பணியிடப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்த எண்ணிக்கையை 250 ஆகக் குறைத்தது.

எங்கே படிப்பது? தமிழக அரசின் தொழிலாளர் துறையின் கீழ் சென்னையில் இயங்கும் தமிழ்நாடு தொழிலாளர் கல்வி நிலையத்தில் தொழிலாளர் மேலாண்மை பாடத்தில் பி.ஏ., எம்.ஏ. இரண்டும் உண்டு. சென்னை வரை அனுப்பத் தயக்கமா? உள்ளூர்க் கல்லூரியில் ஏதாவது ஒரு பட்டம் முடித்துவிட்டு, எம்.பி.ஏ.வில் மனிதவளப் பிரிவை எடுக்கலாம், எம்.எஸ்.டபிள்யூ. படித்தும் இந்த வேலைக்கு வருகிறார்கள். எந்தப் படிப்பு பொருந்தும் என்ற குழப்பம் இருந்தால் 14417 எண்ணில் கல்வி வழிகாட்டி மையத்தைக் கேளுங்கள். நான் முதல்வன் இணையதளத்தையும் போனிலேயே பார்க்கலாம்.

ஒரு எச்சரிக்கை. "எச்.ஆர். பேசுறேன், வேலை கன்ஃபார்ம், டெபாசிட் மட்டும் கட்டிடுங்க" என்று போன் வந்தால் நம்பாதீர்கள். ஆள் எடுக்க வேலை தேடுபவரிடம் பணம் வாங்குவது எச்.ஆர். வேலையே அல்ல. ஏற்கெனவே பணம் அனுப்பிவிட்டீர்களா? தாமதிக்காமல் 1930-ஐ அழையுங்கள்.